நிழல் விழுந்த பக்கம்

என் அக்காவுக்கு ஆபீசில் வைத்திருந்த பட்டப்பெயர் முக்கோணம். முகத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. அவள் முகம் நல்ல வட்டம், சிரித்தால் இன்னும் வட்டமாகிவிடும். அவள் பார்த்த வேலையால் வந்த பெயர் அது.

அவள் வேலை பார்க்கும் கம்பெனி பெரிய நிலங்களை வாங்கி, சாலை போட்டு, மனைகளாகப் பிரித்து விற்கும். அப்படிப் பிரிக்கும்போது நிலத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கென்று ஒதுக்கியாக வேண்டும். இது சட்டம். ஆனால் அந்தப் பங்கை எந்த இடத்தில் ஒதுக்குவது என்பதைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை. அதனால் மனைகளையெல்லாம் சதுரம் சதுரமாக அழகாக வெட்டி எடுத்த பிறகு, யார் தலையிலும் கட்ட முடியாமல் ஓரத்தில் ஒரு கோணல் துண்டு மிஞ்சும். அதுதான் பூங்கா. அநேகமாக முக்கோணமாக இருக்கும். ஒரு பக்கம் சாக்கடை ஓடும், இன்னொரு பக்கம் டிரான்ஸ்பார்மர் உறுமிக்கொண்டிருக்கும். அந்தத் துண்டில் மரமும் நடைபாதையும் பெஞ்சும் வரைந்து, அதைப் பூங்கா என்று நம்ப வைப்பதுதான் அக்காவின் உத்தியோகம்.

பெயர் வைத்தது ஆபீஸ் சர்வேயர். நிலத்தை அளந்துவிட்டு வந்ததும், "முக்கோணம், உங்க முக்கோணம் வந்தாச்சு" என்று காகிதத்தை அவள் மேஜையில் போடுவாராம். அக்கா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். நானாக இருந்தால் அவர் அளவு நாடாவாலேயே அவரை நாற்காலியோடு கட்டிப் போட்டிருப்பேன். எங்கள் வீட்டில் கோபம் முழுவதும் எனக்கும் பொறுமை முழுவதும் அவளுக்குமாகப் பாகம் பிரித்துவிட்டார்கள்.

ஆனால் பொறுமைசாலிகளை நம்பக் கூடாது. அவர்கள் பிடிவாதத்தை மடித்து உள்ளே வைத்திருப்பார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது குடியிருந்தது ஒரு மாடி வீட்டின் பின்பகுதியில். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். விளையாட இருந்த ஒரே இடம் மாடிப்படி. படியில் நாலு தடவை குதித்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்து கத்துவார். நான் பதிலுக்குக் கத்துவேன். அக்கா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வீடுகள் வரைவாள். வீடுகளுக்கு நடுவில் பெரிதாக ஒரு கட்டம் விட்டிருப்பாள். "இதுல என்ன வரப்போகுது?" என்று கேட்டால், "ஒண்ணும் வராது, சும்மா இருக்கும்" என்பாள். அந்தக் கட்டம்தான் அவள் மனதில் இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது.

முதலாளி கெட்டவர் இல்லை. மெதுவாகப் பேசுவார், யோசிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால்கூட வரவேற்பறையைக் கண்ணாலேயே அளந்து, இதில் எத்தனை மனை தேறும் என்று பார்க்கிற ரகம், அவ்வளவுதான். அவரிடம் அக்கா வருஷக்கணக்கில் ஒற்றைக்காலில் நின்றாள். பூங்காவை நடுவில் வைக்க வேண்டும், நாலு தெருவிலிருந்தும் நடந்து வர முடிய வேண்டும், மிச்சத்தில் வைக்கக் கூடாது என்று ஒவ்வொரு பிளானிலும் கேட்டாள். ஒவ்வொரு பிளானிலும் அவர் கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் ஒரு நாள், என்ன நல்ல மனநிலையில் இருந்தாரோ, "சரிம்மா, ஒரே ஒரு தடவை உன் இஷ்டத்துக்குப் போடு" என்றுவிட்டார்.

அப்படி வந்ததுதான் அந்தக் குடியிருப்பின் நடுப் பூங்கா. வடக்குத் தெற்காக நீளமாக, நல்ல செவ்வகம். கிழக்கு வேலியை ஒட்டி ஒரு வரிசை தூங்குமூஞ்சி மரங்கள். மரங்களுக்கு உட்பக்கமாகப் பெஞ்சுகள். ஓர் ஓரத்தில் ஊஞ்சல். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே வீடுகள் எழும்பியதும், பூங்காவுக்கு மேற்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குடியே போய்விட்டாள். அக்கா வீட்டுக்காரர், என் மாமா, லிப்ட் பழுது பார்ப்பவர். அங்கிருந்து அவர் வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். "எல்லாரும் கடல் தெரியற வீடு தேடுவாங்க, உங்க அக்கா பெஞ்சு தெரியற வீடு தேடினா" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். ஆனாலும் போனார். மாமா எப்போதும் அப்படித்தான்.

மரங்கள் மளமளவென்று வளர்ந்தன. பூங்காவுக்கு ஆள்தான் வரவில்லை.

அக்காவுக்கு அது புரியவே இல்லை. தினமும் காலையில் டீயை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெஞ்சில் அவள் உட்காருவாள். மரநிழல் மடியில் வந்து விழும். அவள் வரைந்தது வரைந்தபடியே இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் மற்றவர்கள் பையும் கையுமாகப் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். மாலையில் அவள் ஆபீசிலிருந்து திரும்பும்போது இருட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பால்கனியில் நின்று பார்த்தால் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும், பின்னால் மரங்கள், அதற்குப் பின்னால் ஆள் உயர வேலிச்செடி. பெஞ்சுக்குப் பச்சை பெயின்ட் அடித்துப் பார்த்தாள். விளக்குப் போட்டுப் பார்த்தாள். இன்னொரு ஊஞ்சல் வைத்துப் பார்த்தாள். மரத்துக்குத்தான் தூங்குமூஞ்சி என்று பெயர், இங்கே பூங்காவே தூங்குகிறது என்று மாமா சொல்லப்போய், அன்றைக்கு அவருக்குக் காபி கிடைக்கவில்லை.

விஷயம் முதலாளியின் காதுக்கும் போனது. அந்த நேரம் பார்த்து, அடுத்த நிலத்தில் இரண்டாவது குடியிருப்பு தொடங்கவிருந்தது. முன்னதைவிடப் பெரியது. அதிலும் அக்கா நடுவில் பூங்காவை வைத்துப் பிளான் போட்டிருந்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னாராம்.

"முதல் பார்க்குக்கே ஆள் வர்றதில்லையாமே. இதைச் சாக்கடை ஓரத்துக்குத் தள்ளிடும்மா."

அக்கா விடவில்லை. வருவார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று மன்றாடியிருக்கிறாள்.

"சரி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே வந்து பார்க்கறேன்" என்றார் அவர். "ஆள் இருந்தா நடுவுல போட்டுக்கோ. இல்லைன்னா ஓரத்துல. ஆனா ஒண்ணு, அதுக்கப்புறம் எந்தப் பிளான்லயும் நீ இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

அன்றைக்கே அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றியாடி?"

"என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணும் இல்ல. பார்க்குல கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போகணும்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. கூட்டம் சேர்க்கிறாள்! பரீட்சையில் பக்கத்துப் பெண்ணின் பேப்பர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று தலையைத் திருப்பி வைத்து எழுதிக் கழுத்து பிடித்துக்கொண்டவள் என் அக்கா. அவள் என்னிடம் பொய்க் கூட்டத்துக்கு ஆள் கேட்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் இரண்டு பெண்களோடும் கிளம்பினேன். டாக்சிக்காரர் வழி தெரிந்த மாதிரியே ஓட்டிக்கொண்டு போய்ப் பூங்காவின் தப்பான பக்கத்தில் இறக்கிவிட்டார். நான் எப்போது வந்தாலும் மேற்குத் தெரு வழியாகத்தான் வருவேன். இந்தக் கிழக்குத் தெருவை அதற்கு முன் பார்த்ததில்லை. அவரோடு சண்டை போடலாமென்று திரும்பினேன், அதற்குள் போய்விட்டார்.

தெரு முழுக்க ஆட்கள் இருந்தார்கள்.

வேலிச்செடியை ஒட்டி வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். நாற்காலி கிடைக்காத ஒருவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தள்ளுவண்டியில் ஒரு குழந்தை தூங்கியது. இரண்டு பேர் நடுவில் ஸ்டூலைப் போட்டுச் சதுரங்கம் ஆடினார்கள், நாலு பேர் நின்று அவர்களுக்கு யோசனை சொன்னார்கள். பிள்ளைகள் தார் ரோட்டில் சாக்பீசால் ரயில் வரைந்துகொண்டிருந்தார்கள். எதிர்வீடுகளின் கேட் வரைக்கும் குளுகுளுவென்று நிழல். என் பெண்கள் கேட்காமலேயே போய் ரயிலுக்குப் பெட்டி போட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு நாற்காலியில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம் வழி கேட்டேன். மடியில் சட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. தையல் கடைக்காரர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"பார்க் எதிர் மாடி வீடா? அது அந்தப் பக்கம்" என்றார். "பார்க்குக்குள்ள பூந்து போயிடுங்க, சீக்கிரம் போயிடலாம்."

"நீங்கள்லாம் பார்க்குல உட்கார மாட்டீங்களா?"

"பார்க்கா? அங்க யாரு போவா? பெஞ்சுல உட்கார்ந்தா வெயில் மூஞ்சியில அடிக்கும். எந்தப் புண்ணியவான் அங்க கொண்டுபோய்ப் போட்டானோ!"

அந்தப் புண்ணியவான் என் அக்காதான் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனால் அந்த அம்மாள் சொன்னதில் தப்பு இருந்தால்தானே சண்டை போடுவதற்கு. பெண்களை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே மாமா ஒற்றை ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்து, தலையில் கைக்குட்டையும் கைக்குட்டைக்கு மேல் செய்தித்தாளுமாக வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். மேற்கு வெயில் நேராக முகத்தில்.

"வாம்மா" என்றார் கண்ணைத் திறக்காமல். "கூட்டத்துல நான்தான் முதல் ஆள்."

அக்கா பிளாஸ்க்கோடு வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள், முகத்தில் ஈயாடவில்லை. "நீ இந்தப் பெஞ்சு. பெரியவ ஊஞ்சல். சின்னவ அந்த ஊஞ்சல்" என்று எங்களைப் பிளானில் வைப்பது போல வைக்கத் தொடங்கினாள்.

"பெரியம்மா, சுடுது" என்றாள் சின்னவள்.

"அக்கா, அந்தப் பக்கம் ஊரே உட்கார்ந்திருக்கு" என்றேன் நான்.

"எந்தப் பக்கம்?"

"வேலிக்கு அந்தப் பக்கம். ரோட்டுல."

அவள் நம்பவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வேலிச்செடியில் இடைவெளி இருந்த இடத்தில் எட்டிப் பார்த்தாள். நாற்காலிகளைப் பார்த்தாள், சதுரங்கத்தைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். நிழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று அவள் கண் ஊர்ந்து போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மரம் உள்ளே இருந்தது, நிழல் முழுவதும் வெளியே விழுந்திருந்தது.

"ஐயோ" என்றாள்.

திரும்பி வந்து அந்தச் சுடுகிற பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். நான் தோளைத் தொட்டேன்.

"எங்க ஆபீஸ்ல மரம் வரைஞ்சா நிழலை எப்பவும் இடது பக்கம்தான் போடுவோம்."

"ஏன்?"

"பிளானோட வலது ஓரத்துல கட்டம் போட்டு கம்பெனி பேரும் முதலாளி பேரும் இருக்கும். அவர் பேரு மேல எதுவும் விழக் கூடாது. அதான் எல்லா மரத்துக்கும் நிழல் இடது பக்கம். சேர்ந்த நாள்லேருந்து அப்படித்தான் வரையறேன்."

"சரி, அதுக்கென்ன?"

"பெஞ்சு நிழல்ல இருக்கணும் இல்ல? நிழலைப் போட்டுட்டு, அந்த நிழலுக்குள்ள பெஞ்சைப் போட்டேன். படத்துல." விரலால் பெஞ்சின்மேல் ஒரு கோடு போட்டாள். "படத்துல இடது பக்கம்னா மேற்கு. காலையில மட்டும்தான்டி நிழல் மேற்கால விழும். நான் காலையில மட்டும்தான் வந்து உட்கார்ந்தேன். எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சூரியன் முதலாளி பெயருக்குப் பயந்து ஒரே பக்கமாக நிற்குமா என்ன! ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. எத்தனை வருஷம் கெஞ்சி வாங்கிய இடம். அதைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமென்று அவள் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள்மேல் வந்த இரக்கத்துக்கு அளவில்லை.

அந்த நேரத்தில்தான் மேற்குத் தெருவில் கார் வந்து நின்றது.

அக்கா எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாரும் எழுந்திருங்க. வீட்டுக்குப் போங்க" என்றாள்.

"என்னக்கா, இப்பதான் ஆள் இருக்கற மாதிரி இருக்கு" என்றேன். "பேசாம இரு. நாங்க உட்கார்ந்துக்கறோம். வெயில் எங்களை என்ன பண்ணிடும்?"

"வேணாம். நீங்க போனதும் மறுபடி காலிதானே. இதே மாதிரி அங்கயும் போட்டா அதுவும் காலியாத்தான் கிடக்கும்."

மாமா தலையிலிருந்த பேப்பரை மடித்தார். "நான் அப்பவே சொன்னேன், எனக்கு நடிப்பு வராதுன்னு" என்று பெண்களைக் கூட்டிக்கொண்டு படியேறினார். நான் மட்டும் போகவில்லை. என்னைப் போகச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை.

முதலாளி உள்ளே வந்தார். காலிப் பெஞ்சுகளை ஒரு முறை பார்த்தார். ஒன்றின்மேல் கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"என்னம்மா இது?"

"என் தப்பு சார்" என்றாள் அக்கா. "பெஞ்சைத் தப்பான பக்கம் போட்டுட்டேன். வாங்க, காட்டறேன்."

அவரைக் கிழக்கு வாசல் வழியாக வெளியே அழைத்துக்கொண்டு போனாள். நான் பின்னால் போனேன். யார் என்று தெரியாத தையல்காரம்மா, வயதான மனிதர் நிற்கிறாரே என்று ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உட்காருங்க. இங்க வெயில் வராது."

அவர் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார், மனைக் கணக்குத்தான் போடுகிறாரோ என்று எனக்குப் பக்கென்றது.

"தினமும் இங்கதான் உட்காருவீங்களா?" என்று கேட்டார்.

"வேற எங்க போறது?"

"பார்க் பக்கத்துலயே இருக்கே."

"அதுக்குள்ள யாரும் போறதே இல்லைங்க."

அக்கா கீழே பார்த்தாள். நான் அந்த அம்மாளின் வாயைப் பொத்தலாமா என்று பார்த்தேன்.

"அப்ப சும்மா கிடக்கற இடம்தானே" என்றார் முதலாளி, அவருக்கே உரிய மெல்லிய குரலில். "அதை எடுத்துட்டு அங்கயும் வீடு கட்டிடலாம் இல்ல?"

தையல்காரம்மாவின் ஊசி நின்றது. சதுரங்கக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லாக் கேட்டீங்க போங்க! அப்புறம் நாங்க எங்க உட்கார்றது?"

"நீங்கதான் உள்ளயே போறதில்லைன்னீங்களே."

"உள்ள போகலைன்னா? இந்த மரம் எங்களோடது இல்லைன்னு ஆயிடுமா? இதுல ஒரு கிளையை வெட்டட்டும் பார்க்கலாம், யாரு வர்றான்னு நானும் பார்க்கறேன்." அவர் கையிலிருந்த சட்டையை உதறிய உதறலில் பட்டன் ஒன்று தெறித்து ரோட்டில் ஓடியது.

எனக்கு அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. முதலாளி காலடியில் வந்து நின்ற பட்டனைக் குனிந்து எடுத்து அவரிடமே கொடுத்தார். உடனே எழுந்து போய்விடுவாரென்று நினைத்தேன். போகவில்லை. வெளிச்சம் மங்கும் வரைக்கும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், சதுரங்கத்தில் ஒருவருக்கு யோசனைகூடச் சொன்னார். அது தப்பான யோசனை, அவர் பேச்சைக் கேட்டவர் தோற்றுப்போனார்.

காரில் ஏறும்போது அக்காவிடம், "பெஞ்சையெல்லாம் இடம் மாத்தச் சொல்லு. நாளைக்குப் புதுப் பிளானை எடுத்துட்டு வா" என்று மட்டும் சொன்னார். நடுவா, ஓரமா, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கேட்கச் சொல்லி அக்காவின் முதுகில் நான் குத்தினேன். அவள் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் வரைக்கும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளாகவே போன் செய்தாள்.

சாக்கடை ஓரத்தில் பூங்காவை வைத்து இன்னொரு பிளானும் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லி சர்வேயர் காலையிலேயே புத்தி சொன்னாராம். அவள் ஒன்றுதான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நடுவில் பூங்கா. மரங்கள் மேற்குப் பக்கம், பெஞ்சுகள் அவற்றுக்குக் கிழக்கே. பூங்காவுக்கு வெளியே, கிழக்குத் தெரு ஓரத்திலும் ஒரு வரிசை மரமும் உட்காரத் திண்டும். தெருவில் உட்காருகிறவர்கள் எப்படியும் தெருவில்தான் உட்காருவார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எல்லா மரங்களுக்கும் நிழலை வலது பக்கம் போட்டிருந்தாள். ஓரத்து மரங்களின் நிழல் தெருவைத் தாண்டி, மனைகளைத் தாண்டி, பெயர்க் கட்டத்துக்குள் போய் விழுந்திருந்தது.

முதலாளி பிளானை மேஜையில் விரித்து வெகுநேரம் பார்த்தாராம். பிறகு வலது ஓரத்தில் விரலை வைத்தாராம்.

"என்னம்மா, என் பேரு மேல நிழல் விழுந்திருக்கு?"

பின்னால் நின்ற சர்வேயர் மூச்சு விடவில்லையாம்.

"சாயங்காலம் சார்" என்றிருக்கிறாள் அக்கா. "அந்தப் பக்கம்தான் விழும்."

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லையாம். பேனாவை எடுத்து, தன் பெயருக்குக் கீழே, அந்த நிழலுக்குள்ளேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம்.